திடீர்ப் பயணம் என்னும் பெரிய ஏற்பாடு

மன்னார்குடிப் பெரியப்பா அவர்களின் பார்வைக்கு, ஜொகூர் பாருவிலிருந்து.

ஜொகூர் மாநிலத்தில் வார இறுதி எந்தக் கிழமைகளில் வர வேண்டும் என்பதை அரச ஆணை தீர்மானிக்கிறது. மலேசியத் தீபகற்பத்தின் தென்கோடியில், சிங்கப்பூரை எட்டிப் பார்த்தபடி அமைந்திருக்கும் இம்மாநிலத்தில் ஒரு காலத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை நாள்களாக இருந்தன. 1994இல் அவை சனிக்கும் ஞாயிறுக்கும் மாறின. 2014 ஜனவரியில் மறுபடியும் வெள்ளிக்கும் சனிக்கும் திரும்பின. 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து மீண்டும் சனியும் ஞாயிறுமே விடுமுறை. ஆணை அரசு அலுவலகங்களையும் பள்ளிகளையும் கட்டுப்படுத்தியதே தவிர, தனியார் நிறுவனங்கள் பல தம் விருப்பப்படி நடந்துகொண்டதால், பத்தாண்டுக் காலம் ஒரே வீட்டில் பிள்ளைகளுக்கு ஒரு விடுமுறையும் தகப்பனுக்கு வேறொரு விடுமுறையும் வாய்த்து, குடும்பம் முழுதாகக் கூடும் நாள் சனி ஒன்றே என்றாகியிருந்தது. கிழமைகள் மாறிய பிறகும் பழக்கம் மாறவில்லை. ஆகவே, சனிக்கிழமையும் அதுவுமாக யாராவது கிழக்கே பயணம் போவார்களா என்று பெரியம்மா தொலைபேசியில் எழுப்பிய வினாவுக்கு முதல் விடை, ஜொகூர்க்காரர்கள் போவார்கள் என்பது.

இனி வரும் கடிதங்களில் தன்மை ஒருமை கண்ணில் படக் கூடாது என்றும், ஆய்வேட்டுத் தமிழில் எழுதப்பட்டால் மட்டுமே உறை பிரிக்கப்படும் என்றும் பெரியப்பா அவர்கள் கட்டளையிட்டிருப்பதால், பயணம் செய்தவர் இக்கடிதம் முழுவதும் எழுதுபவன் என்றே குறிக்கப்படுகிறார். பணிவின் பொருட்டு அவருக்கு ‘ர்’ விகுதி தரப்படவில்லை.

திடீர்ப் பயணம் என்பது, யாரிடமும் கேட்காமலும் எங்கும் அறை பதிவுசெய்யாமலும் மேற்கொள்ளப்படும் பயணம். நம் வீட்டு வழக்கில் இது அறவே இல்லாத ஒன்று என்று சொல்ல முடியாது. சாவுக்குப் போவது எப்போதும் திடீர்ப் பயணம்தான். மகிழ்ச்சிக்காகப் போகும் பயணமோ, அது வேதாரண்யம் வரையே ஆனாலும், பஞ்சாங்கம் பார்த்து, தலை எண்ணி, வேன் பேசி, புளியோதரை கிளறி, கடைசி நாளில் அத்தை வரவில்லை என்று சொல்லி, அவரைச் சமாதானம் செய்ய ஒரு குழு போய் வந்த பிறகே தொடங்கும். ஜொகூரில் இவ்வளவும் இல்லாமல் ஒருவர் இரவு பதினோரு மணிக்கு முடிவெடுத்து விடியற்காலை புறப்பட்டுவிடுகிறார் என்றால், அதைத் துணிச்சல் என்று எண்ணிவிடக் கூடாது. இரவெல்லாம் திறந்திருக்கும் பெட்ரோல் நிலையம், அதற்குள்ளேயே கழிப்பறையும் தொழுகை அறையும், நள்ளிரவு தாண்டியும் அடுப்பு அணையாத உணவுக்கடை, குழி இருந்தாலும் பள்ளத்தாக்கு இல்லாத சாலை, சிறு கட்டணம் செலுத்தினால் கூடாரம் போட இடம் தரும் கடற்கரை என, வேறு பலர் முன்கூட்டியே செய்து வைத்த ஏற்பாடுகளின் மேல் உட்கார்ந்துகொண்டு செய்யப்படுவதே இந்நாட்டுத் திடீர்ப் பயணம். நம் வீட்டில் ஒவ்வொரு முறையும் செய்யும் ஏற்பாட்டை இவர்கள் ஒரே முறை செய்து நாட்டின் மேல் பரப்பி வைத்துவிட்டார்கள் என்பதே எழுதுபவனின் துணிபு.

அந்த ஏற்பாட்டின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, இப்பயணத்துக்கு எழுதுபவனை அழைத்துச் சென்ற நண்பரின் காடி. கார் என்று நம் ஊரில் சொல்லப்படுவதை இங்குள்ள தமிழர் காடி என்பர். அதன் பின்பெட்டியில் ஒரு கூடாரம், நைலான் கயிறு, தார்ப்பாய், மடக்கு நாற்காலிகள், சிறு உருளையில் இயங்கும் கேஸ் அடுப்பு, கரி மூட்டை, ஐஸ் பெட்டி, தலையில் மாட்டிக்கொள்ளும் விளக்கு ஆகியவை ஆண்டு முழுவதும் நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் மளிகைப் பை வைக்க ஒரு முழம் இடம் கேட்டு நண்பரின் மனைவி நெடுங்காலமாக வழக்காடி வருகிறார், தீர்ப்பு இன்னும் வரவில்லை. எந்த நேரத்திலும் எங்கும் போகலாம் என்று நண்பர் சொல்வதன் பொருள், புறப்படும் வேலை எப்போதோ முடிந்துவிட்டது என்பதே.

நண்பர் ஜொகூர்த் தோட்டப்புறத்தில் பிறந்த நான்காம் தலைமுறைத் தமிழர். அவருடைய கொள்ளுத்தாத்தா கங்காணி முறையில் வந்தவர். தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவரை ஊருக்கு அனுப்பி, அவர் தம் உறவையும் சாதிசனத்தையும் திரட்டிக் கப்பலேற்றி வருவதே கங்காணி முறை எனப்பட்டது. 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரை இவ்வாறு உதவி கொடுத்து மலாயாவுக்கு அனுப்புவதைத் தடைசெய்யும்வரை அது நடந்தது. நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கிய அந்தத் தலைமுறைக்குப் பயணம் என்பது வாழ்நாளில் ஒரு முறை நேர்வது, பலருக்குத் திரும்பி வராதது. அவர் கொள்ளுப்பேரனோ வெள்ளிக்கிழமை இரவு தேநீர் ஆறுவதற்குள் அடுத்த நாள் கடற்கரையில் படுப்பது என்று முடிவு செய்கிறார்.

முடிவு செய்யப்பட்ட இடம் ஒரு மாமாக் கடை. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் உணவுக்கடையை மலேசியர் அனைவரும் இப்பெயரால் அழைக்கின்றனர்; ரொட்டி சானாய் எனப்படும் வீச்சுப் பரோட்டாவும், இரு குவளைகளுக்கு இடையே நீளமாக இழுத்து ஆற்றப்படும் தே தாரிக் என்னும் பால் தேநீரும் இங்கே கிடைக்கும். மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவரும் ஒரே கூரையின் கீழ் ஒரே பரோட்டாவைத் தின்றுகொண்டு வெவ்வேறு மொழிகளில் அரசாங்கத்தைக் குறைசொல்லும் இடம் இதுவே என்பதால், நாட்டு ஒற்றுமை பற்றி ஆராய விரும்புவோர் இங்கிருந்து தொடங்கலாம். “அண்ணே, நாளைக்கு மெர்சிங் போவோமாலா?” என்று கிழக்குக் கரை ஊர் ஒன்றின் பெயரைச் சொல்லி நண்பர் கேட்டார், எழுதுபவன் காலண்டரைத் தேடுவதற்குள் கல்லாவில் பணம் கட்டப்பட்டுவிட்டது.

சனிக்கிழமை கிழக்கே சூலம் என்பதும் அதற்குப் பரிகாரம் தயிர் என்பதும் பெரியப்பாவுக்கு விளக்கத் தேவையில்லாதவை. நண்பருக்கு விளக்க வேண்டியிருந்தது. வழியில் உள்ள கோத்தா திங்கி நகரம் வரை சாலை வடகிழக்காகவும் அதன் பிறகு பெரும்பாலும் வடக்காகவும் செல்வதால் சூலம் முழுமையாகப் பொருந்தாது, அரைச் சூலத்துக்கு அரைப் பரிகாரம் போதும் என்று அவர் வாதிட்டு, பெட்ரோல் நிலையத்துக் குளிர்பெட்டியிலிருந்து ஸ்ட்ராபெரி கலந்த தயிர்ப் பானம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதில் தயிரின் பங்கு எவ்வளவு என்பது மிகப் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருந்ததால் பரிகாரத்தின் வலிமையைக் கணக்கிட இயலவில்லை. பெட்ரோலைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய திட்டப்படி மலேசியக் குடிமக்கள் தம் அடையாள அட்டையைக் காட்டினால் ரோன் 95 வகைப் பெட்ரோலைச் சலுகை விலையில் பெறுகின்றனர்; 2025இல் அது லிட்டர் 1.99 ரிங்கிட், மாதம் 300 லிட்டர் வரை. ரிங்கிட் என்பது இந்நாட்டு நாணயம், தமிழர் வாயில் அது வெள்ளி. அயல்நாட்டவனாகிய எழுதுபவனுக்கு அச்சலுகை இல்லை. ஆகவே பெட்ரோல் நண்பரின் பொறுப்பு, தின்பண்டம் எழுதுபவனின் பொறுப்பு என்று இருநாட்டு ஒப்பந்தம் ஏற்பட்டது. ஊர் திரும்பிக் கணக்குப் பார்த்தபோது ஒப்பந்தத்தில் யார் ஏமாந்தார் என்பது தெளிவாயிற்று.

ஜொகூர் பாருவிலிருந்து மெர்சிங் சுமார் 130 கிலோமீட்டர். இவ்வழியே செல்லும் கூட்டரசுச் சாலை 3 தீபகற்பத்தின் கிழக்குக் கரையோரமாகத் தாய்லாந்து எல்லை வரை போவது. கூட்டரசு என்பது நம் ஊரில் மத்திய அரசு எனப்படுவது. சாலையின் இரு மருங்கிலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, மீண்டும் செம்பனை, இடையிடையே காடு. ஒரு காலத்தில் பால்மரம் எனப்பட்ட ரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் இப்போது இம்மரமே நிற்கிறது. வீட்டு அடுக்களையில் நியாயவிலைக் கடைப் பாமாயிலாக வந்து சேர்வது இதன் பழத்திலிருந்து எடுக்கப்படுவதே என்று எழுதுபவன் எடுத்துரைத்தபோது, அந்த எண்ணெயில் எத்தனை தலைமுறை முதுகுவலி இருக்கிறது என்று தம் பாட்டி கணக்கு வைத்திருந்ததாக நண்பர் சொன்னார். அதன் பிறகு சிறிது தூரம் பேச்சு எழவில்லை.

பேச்சை மீட்டது யானை. கோத்தா திங்கிக்கு அப்பால் பந்தி என்னும் காட்டுப் பகுதியை ஒட்டிச் செல்லும்போது, யானை கடக்கும் இடம் என்று எச்சரிக்கும் மஞ்சள் பலகைகள் தென்படுகின்றன. அது விளம்பரம் அன்று, காட்டு யானைகள் மெய்யாகவே சாலையைக் கடக்கின்றன. இதே வட்டாரக் காடுகளில் மனிதனைப் போல இரு காலில் நடக்கும் பேருருவம் ஒன்று உலவுவதாக 2005ஆம் ஆண்டின் இறுதியில் செய்தி பரவி, அதைத் தேட 2006இல் மாநில அரசே ஏற்பாடு செய்தது. ஓராங் மாவாஸ் என்பது அதன் உள்ளூர்ப் பெயர். அது இன்றுவரை அகப்படவில்லை. சிறுநீர் கழிக்க இறங்கிய எழுதுபவன் இத்தகவல் கிடைத்த மறுகணமே காடிக்குத் திரும்பிய வேகத்தை நண்பர் இன்றும் எல்லாரிடமும் வருணித்து வருகிறார்.

முன்னரே கடந்து வந்த கோத்தா திங்கி நகரம் ஜொகூர் ஆற்றின் கரையில் இருக்கிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து இரு முறை வெள்ளத்தில் மூழ்கிய இந்நகரம், அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் மன்னர்களாலும் அவ்வளவே அவதிப்பட்டது. இங்கே அடக்கமாகியிருக்கும் சுல்தான் மாமுட், 1699இல் தொழுகைக்குப் பல்லக்கில் செல்லும்போது தம் படைத்தலைவனால் குத்திக் கொல்லப்பட்டார். அரண்மனைப் பலாப்பழத்தில் ஒரு சுளையை உண்டுவிட்ட கருவுற்ற மனைவியின் வயிற்றை மன்னர் கிழிக்கச் செய்ததற்குக் கணவன் தீர்த்துக்கொண்ட பழி அது என்பது மரபுக் கதை. ஒரு பலாச்சுளையில் ஓர் அரசமரபே முடிந்தது. பண்ருட்டிப் பலாவை வெட்டும்போது முதல் சுளை யாருக்கு என்று நம் வீட்டில் நடக்கும் சண்டைகளை நினைத்தால், இதுவரை உயிர்ச்சேதம் இல்லாததற்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

ஆயினும் பெரியப்பா அவர்கள் முக்கியமாக அறிய வேண்டியது இதே ஆற்றங்கரையோடு தொடர்புடைய இன்னொரு செய்தி. மலாய் அரசர்களின் வரலாறு கூறும் செஜாரா மெலாயு என்னும் நூலை 1612ஆம் ஆண்டளவில் தொகுத்தவராகச் சொல்லப்படும் துன் ஸ்ரீ லானாங், ஜொகூர் அரசவையில் பெண்டஹாரா என்னும் தலைமை அமைச்சர் பதவியில் இருந்தவர். அன்றைய தலைநகரான பத்து சாவார் இக்கோத்தா திங்கிக்கு அருகிலேயே இருந்தது. கெலிங் நாட்டிலிருந்து, அதாவது தென்னிந்தியாவிலிருந்து, பெரும்படையோடு வந்து ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் ஒரு கோட்டையை வென்ற மன்னர் ஒருவரைப் பற்றி அந்நூல் பேசுகிறது. பிரதிக்குப் பிரதி வேறுபடும் அவர் பெயரை இங்கு ராஜா சூரான் என்று கொள்வோம். 1025இல் முதலாம் இராசேந்திரனின் கடற்படை கடாரத்தின் மேல் வந்ததன் மங்கிய நினைவே இக்கதை என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. இதுவரை கேட்டால் நெஞ்சு நிமிரும். கதை இதற்கு மேலும் போகிறது.

வென்ற மன்னர் அடுத்துச் சீனத்தைப் பிடிக்க எண்ணித் தெமாசேக் வரை, அதாவது இன்றைய சிங்கப்பூர் வரை வந்துவிடுகிறார். அஞ்சிய சீனப் பேரரசர் படை அனுப்பவில்லை. ஒரு மரக்கலத்தில் துருப்பிடித்த ஊசிகளையும், காய்த்துக் குலுங்கும் மரங்களையும், பல் கொட்டிய கிழவர்களையும் ஏற்றி அனுப்புகிறார். சீனம் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்ட மன்னருக்கு அக்கிழவர்கள், புறப்பட்டபோது தாங்கள் சிறுவர்கள் என்றும், இம்மரங்கள் அன்று விதைகள் என்றும், இவ்வூசிகள் அன்று கை பருமனான இரும்புக் கம்பிகள் என்றும், வழியில் துருவேறித் தேய்ந்து இவ்வளவாயின என்றும் விடை சொல்கிறார்கள். மன்னர் நம்பிவிட்டார். படையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். தஞ்சை மாவட்டத்தில் கடாரம் கொண்டதைப் பற்றி நிறுத்தப்படும் தட்டிகளில் இப்பகுதி அச்சிடப்படுவதில்லை. ஊருக்குத் திரும்புமுன், உலகின் மேற்பரப்பைப் பார்த்தாயிற்று, கடலின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம் என மன்னர் கண்ணாடிப் பெட்டி ஒன்றைச் செய்யச் சொல்லி, அதற்குள் அமர்ந்து கடலடிக்கு இறங்கி, அங்கே ஒரு நாட்டைக் கண்டு, அந்நாட்டு அரசரின் மகளை மணந்து, பிள்ளைகளும் பெற்ற பிறகு கடற்குதிரை ஏறிக் கரைக்கு வந்து சேர்ந்தார் என்கிறது நூல். முன்பதிவு இல்லாமல், யாரிடமும் கேட்காமல், மனத்தில் தோன்றியவுடன் கடலுக்குள் இறங்கிய இம்மன்னரே இப்பகுதித் திடீர்ப் பயணத்தின் முன்னோடி என்று எழுதுபவன் முன்மொழிந்தபோது, அவரும் பெட்டியை முன்னரே தயார் செய்துகொண்டுதான் போனார் என்று நண்பர் தம் பின்பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

வழியில் ஜெமாலுவாங் என்னும் சிற்றூர் வருகிறது. 1942 ஜனவரி இறுதியில் வடக்கே எண்டாவிலிருந்து தெற்கே வந்த ஜப்பானியப் படையை ஆஸ்திரேலிய வீரர்கள் இவ்வட்டாரத் தோட்டம் ஒன்றில் மறைந்திருந்து தாக்கினர். இன்று அங்கே வண்டிகள் நின்று தேநீர் குடிப்பதோடு சரி.

மெர்சிங் ஒரு மீன்பிடித் துறை. ஆற்று முகம் ஆழமற்றது என்பதால் தீவுகளுக்குப் போகும் படகுகள் ஓதத்தைப் பார்த்தே புறப்படுகின்றன. அட்டவணையைக் கடல் எழுதுகிறது, அலுவலகம் அதைப் படியெடுத்து ஒட்டுகிறது. புகழ்பெற்ற தியோமான் தீவுக்குப் படகு ஏறும் முதன்மைத் துறை இதுவே ஆயினும், அத்தீவு பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. கூட்டத்தை ஜொகூர் தாங்க, பெருமையைப் பகாங் எடுத்துக்கொள்கிறது என்று மெர்சிங்வாசிகள் நினைத்தால் அதில் வியப்பில்லை. இத்துறையில் தவறவிடக் கூடாதது கெரோப்போக் லெக்கோர். மீன் சதையைச் சவ்வரிசி மாவோடு பிசைந்து உருட்டி, வேகவைத்து, நறுக்கிப் பொரித்துக் காரச்சாறோடு தருவது இது. அப்பாவின் சைவம் இக்கடிதத்தைப் படிப்பதால் கெடாது என்ற நம்பிக்கையில் இவ்விளக்கம் தரப்படுகிறது.

மெர்சிங்குக்கு வடக்கே சிறிது தொலைவில் ஆயர் பாப்பான் என்னும் கடற்கரை வளைந்து கிடக்கிறது. பக்கத்தில் குனோங் ஆரோங் என்னும் காட்டுக் குன்று. கரை நெடுகச் சவுக்கு மரங்கள். நாகை, வேதாரண்யக் கரைகளில் விறகுக்காகவும் மணல் பறக்காமல் இருக்கவும் வளர்க்கப்படும் அதே சவுக்குதான். இதன் இயற்கையான தாயகங்களில் இத்தீபகற்பக் கரையும் ஒன்று. நம் கரைக்கு அது 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்ட குடியேறி. இக்கரையின் மரம் அங்கே போயிற்று, அக்கரையின் ஆள் இங்கே வந்தார். மரத்துக்கு அங்கே யாரும் குடிநுழைவு முத்திரை கேட்டதில்லை.

முகாமிடுதல் என்பது, வீடு உள்ள ஒருவர் வீடற்றவராக இருப்பதற்குப் பணம் கட்டும் பழக்கம். மணலில் படுப்பதற்கு எதற்குக் காசு என்று அம்மா கேட்டது நியாயமே. கட்டணம் கழிப்பறைக்கும் குழாய்த் தண்ணீருக்கும் குப்பை அள்ளுவதற்கும் போகிறது என்பது அதற்கு முறையான விடை, நிழலுக்குப் போகிறது என்பது உண்மையான விடை. கூடாரத்தின் வில் போன்ற கம்பிகளைக் கோத்து நிறுத்துவது எளிது. அதனுடன் வரும் சிறு முளைகளை அடிப்பதும் எளிது, ஆனால் மணலில் அடிக்கப்படும் முளை அடித்தவரின் மன ஆறுதலுக்கு மட்டுமே பயன்படுகிறது. கடற்காற்று ஒரு முறை வீசியதும் கூடாரம் உயிர் பெற்று எழுந்து பக்கத்துக் குடும்பத்தின் கோழி வாட்டும் அடுப்பை நோக்கி நடக்கத் தொடங்கியது. நண்பர் பதறாமல் பைகளில் மணல் நிரப்பிக் கயிற்றின் நுனியில் கட்டிப் புதைத்தார், மற்ற நுனிகளைச் சவுக்கில் இழுத்துக் கட்டினார். எழுதுபவன் மேற்பார்வை செய்தான்.

பக்கத்துக் குடும்பம் மலாய்க் குடும்பம். அவர்களுடைய கூடாரத்தில் மூன்று அறைகள், ஒரு தாழ்வாரம், சோறு வடிக்க மின் குக்கர், அதற்கு மின்சாரம் தரப் பெட்டி அளவிலான மின்கலம், தொழுகைக்கு விரிப்பு, பாட்டிக்குக் கட்டில் ஆகியவை இருந்தன. மன்னார்குடியில் எழுதுபவன் கல்லூரிக் காலத்தில் வாடகைக்கு இருந்த அறையைவிட அது விசாலமானது. ஓடிவந்த கூடாரத்தைப் பிடித்துக் கொடுத்ததோடு நில்லாமல், அவர்கள் வாழையிலையில் வாட்டிய திருக்கை மீனும் சம்பாலும் கொடுத்தனுப்பினர். சம்பால் என்பது மிளகாய் அரைத்த துவையல், நம் ஊர்க் காரத்துக்குப் பழகிய நாக்கையும் ஒரு கணம் யோசிக்க வைப்பது. பதிலுக்கு எழுதுபவன் அம்மா அனுப்பிய பருப்புப்பொடியை எடுத்து வருவதற்குள், நீளவால் குரங்கு ஒன்று அதைக் கைப்பற்றி மரமேறிவிட்டது. அது டப்பாவின் மூடியைத் திருகித் திறந்தது, ஒரு பிடி வாயில் போட்டது, சிறிது நேரம் அசையாமல் இருந்தது, பிறகு தும்மியது, மீண்டும் ஒரு பிடி எடுத்தது. நல்லெண்ணெய் இல்லாமல் அப்பொடியை யாரும் விரும்பி உண்டு எழுதுபவன் பார்த்ததில்லை. இத்தகவல் அம்மாவுக்குப் பெருமையா வருத்தமா என்பதை அவரே முடிவு செய்துகொள்ளலாம். டப்பா மட்டும் மாலையில் காலியாகத் திரும்பக் கிடைத்தது.

அந்தியில் வருவது அகாஸ். கண்ணுக்கு எளிதில் தெரியாத மணல் ஈக்களுக்கு இங்கே அப்பெயர். கொசுவைப் போல அறிவிப்புக் கொடுக்காமல் கடிப்பவை, கடித்த இடம் பல நாள் அரிக்கும். இதற்கு நண்பர் எடுத்த மருந்தைப் பார்த்தபோது எழுதுபவனுக்குப் பிறந்த வீட்டு அலமாரியையே பார்த்ததுபோல் இருந்தது, ஏனெனில் அது கோடாலித் தைலம். 1928இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் பச்சைநிறத் தைலம், கப்பலில் வந்தவர்கள் பெட்டியிலும் விமானத்தில் வருபவர்கள் பெட்டியிலும் தவறாமல் நம் மாவட்டத்துக்கு வந்து, தலைவலியிலிருந்து மாமியார் வருகை வரை அனைத்துக்கும் தடவப்படுவது. மணல் ஈக்கு அது உண்மையில் பலன் தருகிறதா என்றால், நெடி தாங்காமல் மனிதர்கள் விலகியது உறுதி. ஈக்களைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கில்லை.

வெளியில் படுப்பது ஆபத்தில்லையா என்ற அம்மாவின் அச்சம் ஆதாரமற்றதன்று. 2022 டிசம்பர் 16 அன்று சிலாங்கூர் மாநிலத்தின் பத்தாங் காலியில் மலைச்சரிவு இடிந்து ஒரு முகாமிடத்தின் மேல் விழுந்து, உறங்கிக்கொண்டிருந்த 31 பேர் இறந்தனர். அதன் பிறகு இந்நாட்டில் கூடாரம் போடுபவர் எவரும் முதலில் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று நிமிர்ந்து பார்க்கின்றனர். ஆயர் பாப்பான் சமதரை. இங்கே அஞ்ச வேண்டியது வடகிழக்குப் பருவக்காற்றுக்கு. நாகப்பட்டினத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையைக் கொட்டும் அதே காற்று, தென்சீனக் கடலைக் கடந்து நவம்பர் முதல் மார்ச் வரை இக்கரையைப் போட்டு அடிக்கும்; அம்மாதங்களில் தீவு விடுதிகள் பல மூடப்படும், நண்பரின் பின்பெட்டி மட்டும் மூடிய நிலையிலும் நிறைந்தே இருக்கும். பயணம் அப்பருவம் முடிந்த பின்னரே மேற்கொள்ளப்பட்டது.

மெர்சிங் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இரண்டரைப் பாகைக்குள் இருப்பதால், மன்னார்குடியில் வடக்கே பத்துப் பாகைக்கு மேல் நிற்கும் துருவ விண்மீன் இங்கே அடிவானத்தின் மங்கலுக்குள் புதைந்துவிடுகிறது, தெற்கே தென்சிலுவை என்னும் விண்மீன் குழு நன்றாக எழுந்து நிற்கிறது. அருந்ததி தெரிகிறது. எழுதுபவனின் திருமணப் பேச்சோடு அருந்ததியைத் தொடர்புபடுத்தி அடுத்த தொலைபேசி அழைப்பு வர வேண்டாம் என்று இங்கேயே கேட்டுக்கொள்ளப்படுகிறது.

கடலில் சூரியன் எழுவதைக் காண்பதற்காக நம் ஊரில் நாலரைக்கே எழுப்பப்பட்டு ஐந்தரைக்குக் கரையில் நிறுத்தப்பட்ட சிறுவயது அனுபவம் எல்லாருக்கும் உண்டு. இங்கே அந்தத் துன்பம் இல்லை. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, போர்னியோத் தீவில் உள்ள சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றாக்கிக்கொண்டது. அதன் பயனாகக் கதிரவன் காலை ஏழு மணியை ஒட்டியே எழுகிறான். அரசாங்கம் சோம்பேறிகளுக்குச் செய்த நன்மைகளில் இதைவிடப் பெரியது ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் அம்மா இந்திய நேரம் ஒன்பதரைக்கு அன்போடு அழைக்கும்போது இங்கே நள்ளிரவு பன்னிரண்டு என்பதையும் இவ்விடத்தில் பணிவுடன் சுட்டலாம்.

இக்கடிதத்தின் உண்மையான வேண்டுகோள் இனிமேல்தான் வருகிறது. நண்பரின் வீட்டில் கொள்ளுத்தாத்தா காலத்துத் தாள் ஒன்று பத்திரமாக இருக்கிறது. அதில் ஜில்லா தெளிவாகவும், தாலுகா பாதியும், கிராமம் கறையான் தின்ற நிலையிலும் எழுதப்பட்டிருக்கின்றன. அதன் படம் தனியே அனுப்பப்படுகிறது. வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியப்பா அவர்கள், பழைய கிராமப் பட்டியலோடு ஒப்பிட்டு எஞ்சிய எழுத்துகளிலிருந்து ஊர்ப் பெயரைக் கண்டுபிடித்துத் தர இயலுமா என்று கேட்கும்படி நண்பர் கூடாரத்துக்குள் படுத்திருந்தபோது சொன்னார். பகலில் அவர் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

விடை அனுப்பும்போது ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். நண்பர் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குப் பறக்கும் விமானங்களின் நேரத்தை ஏற்கெனவே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். மலேசியர் இந்தியா வருவதற்கு முன்னதாக விசா பெற வேண்டும் என்ற ஒரே விதிதான் அவரைத் தடுத்து வைத்திருக்கிறது, ஊர்ப் பெயர் தெரிந்த இரவே அவர் அதற்கு விண்ணப்பித்துவிடுவார். ஆகவே கொல்லையில் மாட்டுக்கொட்டகைக்கும் கிணற்றுக்கும் இடையே உள்ள இடத்தைச் சுத்தம் செய்து வைக்கவும். வீட்டுக்குள் கட்டில் இருக்கிறது என்று பெரியம்மா எவ்வளவு வற்புறுத்தினாலும் கூடாரத்தைக் கொண்டுதான் வருவார். முளை அடிக்கக் கடப்பாரை தேவைப்படும். போன ஆண்டு எதிர்வீட்டார் வாங்கிச் சென்றதை இப்போதே திருப்பிக் கேட்டு வைத்தால் நல்லது. எழுதுபவனின் சார்பில் கோடாலித் தைலம் ஒரு டஜனும், அம்மாவுக்குக் காலி டப்பாவும் அவர் கையில் கொடுத்தனுப்பப்படும். டப்பாவை நிரப்பித் திருப்பி அனுப்பவும். மூடி மட்டும் திருகு மூடியாக இருக்க வேண்டாம்.